மலைக்குப் போகும் பழைய ஜீப்பும் லைட் பார் வீரர்களும்

போன ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கப் போனேன். பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று வந்து நின்றது. எம்.எம். 540, நான் சர்வீசில் இருந்தபோது ஓட்டிய அதே ரகம். கால் தானாக அதன் பக்கம் போய்விட்டது. நாலு பையன்கள். அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறி, ராத்திரி அங்கே தங்கி, பனியைப் பார்த்துவிட்டு இறங்கப் போகிறார்களாம். வண்டியின் நெற்றியில் ரெண்டு முழத்துக்கு எல்.இ.டி. லைட் பார். உள்ளே பாட்டுப் பெட்டி. பின்னால் ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத ஒரு மண்வெட்டி, ஆன்லைனில் வாங்கியதாம்.

"தம்பி, கட்டை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எந்தக் கட்டை தாத்தா?"

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன். பேரன்தான் டைப் அடிக்கிறான். அவன் சிநேகிதர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முதலில் என் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் ரிடையர்டான வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மகன் கனடாவில். அங்கே குளிர்காலத்தில் காரில் கம்பளி, பனி வாரும் மண்வெட்டி, டயருக்கடியில் போட மணல், தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி எல்லாம் வைத்திருப்பார்களாம். இதைச் சொல்லிச் சிரிப்பார். "நமக்கு ஏதுய்யா குளிர்காலம்? இங்க துண்டு ஒண்ணு போதும்" என்பார். சார், நீங்கள் போளூர் பஜாரில் நின்றுகொண்டு பேசுகிறீர்கள். நமக்குக் குளிர்காலம் பனிக்கட்டியாக வராது, தண்ணீராக வரும். ஐப்பசி, கார்த்திகை மழை மலையை ஊற வைத்துவிட்டுப் போகும். மார்கழியில் அந்த ஊறின மண்மேல்தான் வண்டி ஏறுகிறது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் செத்தது மறந்துபோச்சா? அது ஊரை ஒட்டின இடம். காட்டு வளைவில் சரிந்தால் யார் பார்ப்பது?

இப்போது பையன்கள் விஷயம்.

அந்த லைட் பார் மூடுபனிக்கு எமன். வெள்ளை வெளிச்சத்தை உயரத்திலிருந்து அடித்தால் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர் நிற்கும், வளைவு தெரியாது. நாங்கள் ஹெட்லைட்டில் மஞ்சள் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, டிம் போட்டு, சாலையோர வெள்ளைக் கல்லை எண்ணிக்கொண்டே இறங்குவோம். லைட் பாருக்குக் கொடுத்த காசில் வண்டியின் நாலு பிரேக்கையும் பிரித்துப் பார்த்திருக்கலாம். மலை இருட்டு சாதாரண இருட்டு இல்லை. இதே ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டுவந்து வைத்ததே அந்த இருட்டை நம்பித்தான்.

"போன் இருக்கு தாத்தா, 108 இருக்கு" என்கிறான் பேரன். 108 பெரிய காரியம், மறுக்க மாட்டேன். 2008இல் அது வந்தபிறகு மலை ஜனங்கள் பிழைத்த கணக்கு கொஞ்சமில்லை. ஆனால் மலை மடிப்புக்குள் டவர் கிடைக்காத வளைவுகள் எத்தனை என்று ஏறிப் பார்த்தவனுக்குத் தெரியும். கூப்பிட்டாலும் வண்டி வந்து சேரும்வரை உங்கள் ஜீப்தான் உங்களுக்கு வீடு.

அந்த வீட்டில் என்ன இருக்கணும்? கட்டைதான் முதல். முக்கோணமாக அறுத்த ரெண்டு மரக்கட்டை. பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கை நம்பி ஏற்றத்தில் நிறுத்துகிறவன், பொண்டாட்டி பிள்ளையை ஏற்றக்கூடாது. ரோட்டோரக் கல்லை வைக்கலாமே என்பான் ஒருத்தன். வைத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போவான். பின்னால் இருட்டில் பைக்கில் வருகிறவன் அதில் ஏறி விழுவான். அந்தப் பாவம் யாருக்கு?

தண்ணீர் பத்து லிட்டர் ரேடியேட்டருக்குத் தனியாக, குடிக்கத் தனியாக. பனிக்காலத்தில் எஞ்சின் சூடாகாது என்று நினைக்காதீர்கள். முதல் கியரிலும் ரெண்டாவது கியரிலும் முக்கி ஏறுகிற வண்டிக்கு மார்கழியும் சித்திரையும் ஒன்றுதான். கொதிக்கும்போது மூடியைத் திறந்து முகம் வெந்தவனை எனக்குத் தெரியும். ஃபேன் பெல்ட் ஒன்று, ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று, பிரேக் ஆயில், ஃபியூஸ், கொஞ்சம் வயர். பெல்ட் அறுந்தபோது புடவைக் கிழிசலை முறுக்கிக் கட்டி ஊர் வந்து சேர்ந்தேன் என்று கதை விடுகிறவர்கள் உண்டு. ஆரணிப் பட்டாகவே இருந்தாலும் அது நாலு வளைவு தாண்டாது. பெல்ட் வாங்குங்கள்.

டீசல் லைனில் காற்றுப் புகுந்துவிட்டால் ஏர் எடுக்க ஸ்பேனர் வேண்டும், எடுக்கத் தெரிந்த கையும் வேண்டும். கை இல்லாமல் ஸ்பேனர் மட்டும் வைத்திருப்பதில் பிரயோசனமில்லை. ஒரு தரமாவது வீட்டு வாசலில் பழகிக்கொள்ளுங்கள். ராத்திரி தங்கும்போது வண்டியை இறக்கத்தில் நிறுத்துங்கள், சக்கரத்துக்கு அந்தக் கட்டையைப் போட்டு. விடியற்காலைக் குளிரில் பெஜோ எஞ்சின் ஹீட்டர் போட்டு இருபது எண்ணினால்தான் கேட்கும். பேட்டரி வீக்காக இருந்தால் அதுவும் கேட்காது. தள்ளி ஸ்டார்ட் பண்ண இறக்கம்தான் துணை.

வைப்பருக்குப் பதில் பீடித்தூள் தேய்க்கிற வித்தையெல்லாம் எங்கள் காலத்து வறுமை. இப்போது நல்ல ரப்பரே கிடைக்கிறது.

குளிருக்குக் கதவெல்லாம் சாத்திக்கொண்டு வண்டிக்குள்ளோ அறைக்குள்ளோ அடுப்புக்கரி கொளுத்துகிற முட்டாள்தனம் வேண்டவே வேண்டாம். அந்தப் புகைக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கம்பளி எடுத்துப் போங்கள். கம்பளியைப் பற்றியும் பலகையைப் பற்றியும் நான் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

1992, மார்கழிக் கடைசி. அப்போது ஒரு துறையில் ஜீப் டிரைவர். மலைமேல் வேலை முடிந்து இறங்கக் கிளம்பினபோது ராத்திரி பத்து மணி. பிரசவ வலியில் துடிக்கிற ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து ஜீப்புக்கு முன்னால் வைத்தார்கள். முதல் பிரசவம். கூட அவள் அம்மா, புருஷன். அந்தக் காலத்தில் எங்கள் ஜீப்தான் ஆம்புலன்ஸ். ஏற்றிக்கொண்டேன். பாதி இறக்கத்தில் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. ஜாக்கிக்கு அடியில் வைக்கிற பலகை இல்லை. மழையில் ஊறின மண். ஜாக்கியைத் தூக்கத் தூக்க அது பூமிக்குள் இறங்கியதே தவிர, வண்டி ஒரு அங்குலம் எழும்பவில்லை. தட்டைக்கல் ஒன்று வைத்தோம், ரெண்டாக உடைந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் இருட்டில் ஓடினான். எங்கேயோ ஒரு கொட்டகையிலிருந்து கதவுப் பலகையைப் பெயர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். டயர் மாற்றிக் கிளம்ப ஒண்ணரை மணி நேரம் போய்விட்டது.

அதற்குள் ஜீப்பிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. அழுதது, என் காதால் கேட்டேன். பக்கமெல்லாம் கித்தான், சந்து வழியாகப் பனிக்காற்று. சுற்றிப் பொதிய அந்தக் கிழவியின் முந்தானை, அதுவும் பனியில் நனைந்தது. என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அத்திமூர் தாண்டும்போது சத்தம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி போய்த் தாயைக் காப்பாற்றினார்கள்.

பலகை எங்கே போச்சு? பொங்கலுக்கு என் வீட்டில் வெள்ளையடிக்க, ரெண்டு ஸ்டூலுக்கு நடுவே போட்டு நிற்க, முந்தின வாரம் நான்தான் வண்டியிலிருந்து எடுத்துப் போனேன். கம்பளியை என் வீட்டில் துவைத்துக் கொடியில் போட்டிருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. பலகை இருந்திருந்தால் பத்து நிமிஷ வேலை. அந்தப் புருஷன் மறுநாள் காலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா இவளும் போயிருப்பா சார்" என்றான். அவன் கொண்டுவந்த கதவுப் பலகை ஜீப்பிலேயே கிடந்தது. அடுத்த தரம் மலை ஏறினபோது அந்தக் கொட்டகையைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அதனால்தான் லைட் பாரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. வண்டியில் இடமில்லை, பலகை அசிங்கமாக இருக்கிறது என்று இனி எந்தப் பையனும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பலகை ஒண்ணரை அடி நீளம், ஒரு அடி அகலம், ரெண்டு அங்குல கனம் இருக்கட்டும். வேம்பு போதும், தேக்கு தேவையில்லை. மரம் அறுக்கிற இடத்தில் கழிவுத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். கட்டைக்கும் அங்கேயே சொல்லிவிடலாம். ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, பின் சீட்டுக்கடியில் கட்டிவிடுங்கள். வீட்டில் வெள்ளையடிக்க வேறு பலகை வாங்கிக்கொள்ளுங்கள்.