பழைய காருக்கும் பக்கக் கண்ணாடி வேண்டும்

மாணவர்களே, ஆகஸ்டு மாதம் பிறந்தால் ஜாலூர் கெமிலாங் கொடி கட்டிய பழைய கார்கள் சில ஊர்களில் வரிசையாக வலம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். மோரிஸ் மைனர், ஆஸ்டின், வோக்ஸ்வேகன் பீட்டல் என்று ஒவ்வொன்றும் பளபளவென்று மின்னும். அடுத்த முறை பார்க்கும்போது அவற்றின் கதவுப் பக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சில கார்களில் பக்கக் கண்ணாடியே இருக்காது. சிலவற்றில் வாகனமோட்டியின் பக்கம் மட்டும் சிறிய வட்டக் கண்ணாடி ஒன்று இருக்கும்.

கேட்டால், "தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே வைத்திருக்கிறோம்" என்று உரிமையாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். ஆனாலும் என் கருத்து இதுதான்: அருங்காட்சியகத்தில் நிற்கும் கார் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். சாலையில் ஓடும் கார் எத்தனை வயதானதாக இருந்தாலும் அதற்கு இரண்டு பக்கமும் கண்ணாடி வேண்டும். அதற்கான காரணம் நீங்கள் படிவம் 1 அறிவியலில் படித்த ஒளிப் பாடத்திலேயே இருக்கிறது.

ஏன் இல்லாமல் போனது?

காரில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி என்பதே ஆரம்பத்தில் புதுமையான யோசனை. 1909இல் டோரத்தி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண் வாகனமோட்டி, பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை உடன் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதைப் பார்க்கலாம் என்று தம் நூலில் எழுதினார். 1911இல் முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன் தம் காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்தி ஓட்டி வென்றார். மற்றக் கார்களில் பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக் உடன் அமர்ந்திருந்தார். ஹாரூனின் காரில் ஓர் இருக்கைதான்.

மோரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின. அந்தக் காலத்தில் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பொருள். சாலையில் வாகனங்கள் குறைவு, வேகமும் குறைவு. ஒரே திசையில் மூன்று தடங்கள், அவற்றுக்கு இடையே புகுந்து வரும் மோட்டார் சைக்கிள்கள் என்ற நிலைமையை எண்ணி அந்தக் கார் வடிவமைக்கப்படவில்லை. கார் மாறவில்லை, அது ஓடும் சாலை மாறிவிட்டது.

உள் கண்ணாடி மட்டும் போதாதா?

போதாது. காருக்குள் இருக்கும் கண்ணாடி, பின் சன்னல் காட்டுவதை மட்டுமே காட்டும். 1956க்கு முந்திய மோரிஸ் மைனரில் பின் சன்னல் மிகச் சிறியது. 1953 வரை வந்த பீட்டலில் அது நடுவில் கம்பி வைத்த இரண்டு சிறு துண்டுகளாக இருந்தது. பின் இருக்கையில் இரண்டு பேர் அமர்ந்துவிட்டால் அந்தக் காட்சியிலும் பாதி போய்விடும். பக்கத்துத் தடத்தில் உங்கள் பின் கதவுக்கு அருகே வரும் மோட்டார் சைக்கிள் இந்தக் கண்ணாடியில் விழவே விழாது. அந்த இடத்தைத்தான் மறைபகுதி என்கிறோம்.

சரி, பக்கக் கண்ணாடி பொருத்தலாம் என்று முடிவு செய்தால், எந்தக் கண்ணாடி என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் கணக்கு வருகிறது. 12 சென்டிமீட்டர் அகலமான ஒரு சமதள ஆடியை வலக் கதவில் பொருத்துகிறோம் என்று வையுங்கள். வாகனமோட்டியின் கண்ணுக்கும் அதற்கும் இடையே 70 சென்டிமீட்டர் தூரம். 20 மீட்டர் பின்னால் அது காட்டும் அகலம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர், அதாவது ஒரு தடம். அதே ஆடியை இடப்பக்கம் வைத்தால் கண்ணிலிருந்து தூரம் சுமார் 130 சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்போது தெரியும் அகலம் 2 மீட்டர்தான். பாதித் தடத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

இப்போது அதே அளவில், வளைவு ஆரம் 120 சென்டிமீட்டர் கொண்ட குவியாடியைப் பொருத்துங்கள். வெளிப்பக்கம் புடைத்த ஆடி அது. மலாயில் 'செர்மின் செம்புங்'. வலப்பக்கம் ஏறக்குறைய ஏழரை மீட்டர், இடப்பக்கம் 6 மீட்டர் தெரியும். அகலம் இரண்டு மூன்று மடங்காகிவிட்டது.

இலவசமாக எதுவும் கிடைக்காது

அகலமாகக் காட்டும் ஆடி, பொருளைச் சிறிதாகவும் காட்டும். மேலே சொன்ன வலப்பக்கக் குவியாடியில் 20 மீட்டர் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள், சமதள ஆடியில் தெரிவதில் பாதி அளவுகூட இருக்காது. நம் மூளை சிறிதாகத் தெரிவதைத் தூரமாக இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே, அது 44 மீட்டர் தூரத்தில் வருவதைப் போலத் தோன்றும்.

இதன் விளைவைப் பாருங்கள். அந்த மோட்டார் சைக்கிள் காரைவிட மணிக்கு 30 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் வருகிறது. உண்மையில் அது காரை எட்ட இரண்டரை விநாடிகூட ஆகாது. வாகனமோட்டியோ தமக்கு ஐந்து விநாடி இருப்பதாக நினைத்துத் தடம் மாறுவார். கண்ணாடியில் தெளிவாகப் பார்த்த பிறகும் விபத்து நடப்பது இப்படித்தான். அமெரிக்கக் கார்களின் குவியாடியில், தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன என்று எச்சரிக்கை எழுதியிருப்பதும் இதனால்தான்.

எனவே என் பரிந்துரை: இரண்டு பக்கமும் ஒரே வளைவுள்ள குவியாடிகளைப் பொருத்துங்கள். ஒன்று சமதளம், மற்றது குவி என்று கலந்தால் கண் குழம்பும். குவியாடியிடம் "யாராவது இருக்கிறார்களா?" என்று மட்டும் கேளுங்கள். "எவ்வளவு தூரத்தில்?" என்ற கேள்விக்கு உள்ளே இருக்கும் சமதள ஆடியே நல்ல பதில் தரும். கடைசியாகத் தலையைத் திருப்பி ஒரு பார்வை.

கண்ணாடி வந்தால் தலையைத் திருப்பும் பழக்கம் போய்விடும் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் கண்ணாடி இல்லாத காரில், பின்னால் இருப்பதை அறிய நீண்ட நேரம் திரும்ப வேண்டியிருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கார் 25 மீட்டர் போய்விடும். அந்த 25 மீட்டரும் முன்னால் பார்க்காமல் போன தூரம். கண்ணாடி அந்த நேரத்தைக் குறைக்கிறது.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

ஆடி 1 பாகை திரும்பினால் அதில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர் 2 பாகை திரும்பும். 20 மீட்டர் தூரத்தில் இது 70 சென்டிமீட்டர் விலகல். தளர்வான பிடிப்பில் நடுங்கும் கண்ணாடியில் காட்சி ஏன் கலங்குகிறது என்று இப்போது புரிகிறதா? செங்கல் பாவிய பந்தயத் தடத்தில் கண்ணாடி ஓயாமல் அதிர்ந்ததால் அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்று ஹாரூனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆகவே விலையைவிட உறுதியான பிடிப்பே முக்கியம்.

அந்தக் காலத்து வழக்கப்படி முன் சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் பொருத்துவதும் உண்டு. ஜப்பானில் 1983 வரை கார்களில் கண்ணாடியை அங்கேதான் வைத்தார்கள். சாலையிலிருந்து கண்ணை அதிகம் திருப்ப வேண்டாம் என்பது அதன் நன்மை. ஆனால் கண்ணிலிருந்து தூரம் கூடுவதால் காட்சி இன்னும் சிறிதாகும். அதனால் கதவில் பொருத்துவதே மேல் என்பேன்.

"காரில் ஓட்டை போட்டால் துரு பிடிக்கும்" என்பது உரிமையாளர்களின் கவலை. நம் ஈரப்பதமான வானிலையில் அது உண்மையான கவலைதான். ஓட்டையின் விளிம்பில் துருத் தடுப்புச் சாயம் பூசி, ரப்பர் வைத்து முடுக்கினால் தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொடாது. அதுவும் வேண்டாம் என்றால் கதவின் ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும் வகைக் கண்ணாடிகள் இருக்கின்றன. பழைய வடிவத்தில், குரோமியம் பூசிய வட்டக் கண்ணாடிகளும் கிடைக்கின்றன. அழகு கெடாது. பழைய காருக்கு இருக்கை வார் பொருத்துகிறவர்கள், புதிய டயர் போடுகிறவர்கள், கண்ணாடிக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

இது உங்களுக்கு ஏன்?

நமக்குக் கார் ஓட்டும் வயதில்லையே என்று நினைக்காதீர்கள். 16 வயதில் உங்களில் பலர் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுப்பீர்கள். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். மறைபகுதியில் இருக்கப்போவது நீங்கள்தான்.

ஒளி போன பாதையிலேயே திரும்பியும் வரும் என்ற விதியை நினைவில் வையுங்கள். காரின் கண்ணாடியில் வாகனமோட்டியின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் முகமும் அவருக்குத் தெரியாது. கண்ணாடியே இல்லாத பழைய கார் என்றால், அவருக்கு நீங்கள் தெரிகிறீர்களா என்று அறிய வழியே இல்லை. அதன் பக்கத்தில் தொடர்ந்து செல்லாதீர்கள்.

உங்கள் தாத்தாவோ மாமாவோ பழைய கார் வைத்திருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். காலியான இடத்தில் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைத்தடையைப் போடச் சொல்லுங்கள். அவர் ஓட்டும் இருக்கையில் அமர்ந்து, தலையைத் திருப்பாமல் இருக்கட்டும். நீங்கள் காரின் பின்புறமும் பக்கங்களிலும் மெதுவாக நடந்து, அவர் "தெரியவில்லை" என்று சொல்லும் இடங்களில் எல்லாம் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். பிறகு அவரை இறங்கி வந்து அந்தக் கோடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கக் கண்ணாடி வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.