320-ஐ 250-ஓடு ஒப்பிடாதீங்க

"பழைய கேம்லதான் வேகம் இருந்துச்சு, இப்ப வர்றதெல்லாம் ஆமை." இந்தச் சண்டை எங்க தொடங்கினாலும் யாராவது ஒருத்தர் இரண்டு நம்பரைத் தூக்கிப் போடுவார். 1999-இல் வந்த குவேக் 3 அரீனாவில் ஓட்டம் வினாடிக்கு 320 யூனிட். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் கத்தியோடு ஓடினால் 250, ஏகே-47 கையில் இருந்தால் 215. அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுதாம்.

முடியலை. யூனிட் என்பது மீட்டர் மாதிரி பொது அளவு கிடையாது. ஒவ்வொரு கேமும் தன் ஆளைத் தன் இஷ்டத்துக்கு அளந்து வைத்திருக்கிறது. நிற்கும் ஆளின் மோதல் பெட்டி குவேக் 3-இல் 56 யூனிட் உயரம், கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் 72, டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் 82. வேகத்தை அந்த உயரத்தால் வகுத்துப் பாருங்க. குவேக் ஆள் வினாடிக்கு 5.7 ஆள் உயரம் ஓடுறான். டீம் ஃபோர்ட்ரஸின் ஸ்கவுட், 400 யூனிட் வேகக்காரன், 4.9-தான் வர்றான். கவுன்டர்-ஸ்ட்ரைக் கத்திக்காரன் 3.5. பட்டியலில் முதலில் இருந்த 400 இரண்டாவது இடத்துக்கு இறங்கிடுச்சு.

அந்த 320-உம் உச்சம் இல்லை. குவேக்கில் தாவித் தாவி, பக்கவாட்டு விசையை அழுத்தி மவுஸைத் திருப்பினால் வேகம் ஏறிக்கிட்டே போகும். காரணம் வெறும் வெக்டர் கணக்கு: நீங்கள் போக நினைக்கும் திசையில் எவ்வளவு வேகம் இருக்கு என்று மட்டும்தான் கேம் பார்க்குது, மொத்த வேகத்தைப் பார்ப்பதில்லை. 2005-இல் சோர்ஸ் கோடு வெளியானதே, அதில் இதைச் சரிசெய்யும் வரிகளும் இருக்கு, ஆனால் அணைத்து வைத்திருக்கிறார்கள். இதுதான் சரியான முறை, ஆனால் ஆடும்போது நல்லா இல்லை என்ற அர்த்தத்தில் பக்கத்திலேயே ஒரு கமென்ட். காண்ட்ராக்ட் வேலையில் எத்தனையோ பேர் கோடைப் படிச்சிருக்கேன். இவ்வளவு நேர்மையான கமென்ட் அபூர்வம்.

அப்போ குவேக்தான் வேகம், ஒத்துக்கறேன். ஆனால் வேகம் குறைஞ்சா கேம் ஈஸி என்று அடுத்து ஒரு தாவு தாவுறாங்க பாருங்க, அதைத்தான் ஏத்துக்க முடியலை. லண்டனில் உட்கார்ந்து சென்னையில் இருக்கும் சித்தி பையனோடு மும்பை சர்வரில் ஆடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

லண்டனிலிருந்து மும்பை சுமார் 7,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேபிள் நேர்கோட்டில் போனால்கூட போய்வர 72 மில்லி வினாடி. கேபிள் நேராகப் போவதில்லை. 150 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு மூலையைக் காவல் காக்கிறீங்க. எதிராளி அங்கேயே இந்தியாவில், பிங் 20. அவன் எட்டிப் பார்த்த செய்தி சர்வரிலிருந்து உங்களுக்கு வர 75, நீங்கள் சுட்ட செய்தி திரும்பிப் போக 75. இரண்டு பேரின் கையும் ஒரே வேகம் என்றாலும் அவன் 150 மில்லி வினாடி முன்னாடி. அந்த நேரத்தில் ஏகே-47-ஓடு ஓடுபவன் 32 யூனிட் நகர்ந்திருப்பான். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஆளின் அகலமும் சரியாக 32. அதாவது முழு உடம்பும் சுவருக்கு வெளியே வந்தாச்சு. அந்தத் துப்பாக்கிக்கு, ஹெல்மெட் போட்ட தலையில் ஒரே ஒரு குண்டு போதும். குறி வைக்க அவனும் நின்னாகணும் என்பது உண்மைதான். ஆனால் கைதேர்ந்தவனுக்கு எதிர்த்திசை விசையை ஒரு தட்டுத் தட்டினால் நின்னுடும்.

குவேக்கில் அதே 150-இல் 48 யூனிட் போயிடுவான், ஒன்றரை உடம்புக்கும் மேலே. ஆனால் உடல்நலம் 200, கவசம் 200 வரை ஏத்திக்கலாம். அந்த நிலையில் நேராகப் பட்ட ராக்கெட் ஒன்றும் ஆளைச் சாய்க்காது. முதல் அடியை வாங்கிய பிறகும் சண்டை மிச்சம் இருக்கும். டீம் ஃபோர்ட்ரஸின் ஹெவி 230 யூனிட் வேகத்தில் அசைந்து வருவான், 300 உயிரோடு.

ஆக, "ஆமை" கேம்தான் தூரத்தில் இருப்பவனை அதிகம் தண்டிக்குது. கண்ணில் பட்ட பிறகு எத்தனை நொடி உயிரோடு விடும் என்று கேட்டால்தான் ஒரு கேமின் பதற்றம் புரியும். வேக அட்டவணையில் அந்தக் காலமே கிடையாது.

கையில் எடுத்துப் போக ஒன்று: மேலே உள்ள கணக்கைத் திருப்பிப் போடுங்க. நீங்கள் எட்டிப் பார்க்க, 20 பிங் உள்ளவன் காவல் காத்தால், 20 மில்லி வினாடி உங்கள் பக்கம். அடிபடுவது எப்போதும் காவல் காப்பவரின் பிங்தான். அதனால் மும்பை சர்வரில் மூலையைக் காக்கும் வேலையைத் தம்பிக்குக் கொடுங்க, உள்ளே பாயும் வேலையை நீங்கள் எடுத்துக்குங்க. அவன் லண்டன் சர்வருக்கு வந்தால் வேலையை மாத்திக்கலாம்.