நடு இருக்கையில் அமர்பவர் யார்?

மகிழுந்து வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் விற்பனைக்கூடத்தில் ஓர் இருக்கையில்தான் அமர்ந்து பார்க்கின்றனர். அது ஓட்டுநர் இருக்கை. கதவு சாத்தும் ஓசையைக் கேட்கின்றனர், திரையைத் தொட்டுப் பார்க்கின்றனர், இறுதியில் முகப்பிலுள்ள சின்னத்தைப் பார்த்து முடிவெடுக்கின்றனர். பின்னிருக்கையின் நடுவில் ஐந்து நிமிடம் அமர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்?

நம் குடும்பங்களில் அந்த நடு இருக்கை காலியாக இருப்பதில்லை. 2009ஆம் ஆண்டு சனவரி முதல் பின்னிருக்கையிலும் வார் அணிய வேண்டும் என்பது சட்டம். 2020 சனவரி முதல் குழந்தைகளுக்குரிய தனி இருக்கையும் கட்டாயமாயிற்று. ஆகவே ஒரு பக்கம் குழந்தையின் இருக்கை, மறுபக்கம் தாத்தா, நடுவில் பாட்டி. சிரம்பானிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குத் தீபாவளிப் பயணம் இப்படித்தான் நடக்கிறது. ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் தொலைவு. நெரிசல் நாளாயிருந்தால் எத்தனை மணி நேரமென்று யாரால் சொல்ல முடியும்? சொகுசு என்பதை அந்தப் பாட்டியின் முழங்காலிலிருந்து அளக்க வேண்டும் என்பது என் துணிபு.

இவ்வாறு அளந்தால் வரிசை மாறிவிடுகிறது. பழைய மெர்சிடிஸ் ஒன்றை வாங்கலாமா, அதே விலையில் டொயோட்டா கேம்ரி வாங்கலாமா என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி பேச்சு எழும். 2014இல் வந்த மெர்சிடிஸ் சி வகுப்பின் முன்பின் அச்சுகளுக்கு இடையே 2,840 மில்லிமீட்டர். 2018இல் வந்த கேம்ரிக்கு 2,825, 2020இல் இங்கு அறிமுகமான ஹோண்டா அக்கார்டுக்கு 2,830. எண்களைப் பார்த்தால் மூன்றும் ஒன்றே. உள்ளே அமர்ந்தால் அப்படியில்லை. சி வகுப்பு பின்சக்கரங்களால் இயங்குவது. இயந்திரம் நீளவாக்கில் கிடக்கிறது, அதன் பின்னால் கியர்பெட்டி, அங்கிருந்து பின்சக்கரம்வரை ஓர் உந்துதண்டு. அத்தண்டுக்கு வழிவிட வண்டியின் தரை நடுவில் மேடாக எழும்புகிறது. அம்மேட்டின் இருபுறமும் கால் பரப்பி அமர வேண்டியவர் நம் பாட்டி.

கேம்ரியும் அக்கார்டும் முன்சக்கர இயக்கத்தின. இயந்திரமும் கியர்பெட்டியும் குறுக்குவாக்கில் முன்மூக்குக்குள் அடங்கிவிடுகின்றன. உந்துதண்டு இல்லை. தரை முழுச் சமதளம் அன்று, ஆயினும் மேடு மிகத் தாழ்ந்தது. அகலமும் கூடுதல்: சி வகுப்பு 1,810 மில்லிமீட்டர், கேம்ரி 1,840, அக்கார்டு 1,860க்குச் சற்று மேல். அக்கார்டின் பொருள்வைப்பறை 573 லிட்டர், சி வகுப்பினது 480. வளைவில் விரைந்து திரும்பும் இன்பம் பின்சக்கர வண்டிக்கே உரியது என்பதை மறுக்கவில்லை. முன்சக்கர வண்டியின் முன்பகுதி கனமானது, வேகமாக முடுக்கினால் திசைமாற்றியைச் சற்றே இழுக்கும். ஆனால் பின்னால் மூவர் உறங்கிக்கொண்டிருக்கையில் எவர் அவ்வாறு ஓட்டப் போகிறார்?

இவ்வகை வண்டிக்கு அமெரிக்காவில் ஒரு தனிச் சந்தையே இருந்தது. ப்யூக் லக்ரோஸ், செவர்லே இம்பாலா, டொயோட்டா அவலோன் எனப் பல. 2019க்கும் 2022க்கும் இடையில் அங்கு ஒவ்வொன்றாக நின்றுபோயின. மக்கள் உயரமான வண்டிகளுக்கு மாறிவிட்டனர். லெக்சஸ் இ.எஸ். 1989இல் கேம்ரியின் அடித்தளத்தில் பிறந்தது. 2018இல் வந்த இ.எஸ். வகையின் அச்சிடைவெளி கேம்ரியைவிட 45 மில்லிமீட்டர் நீளம். அமைதியும் கூடுதல்தான். அந்த வேறுபாட்டுக்கு இங்கே கேட்கப்படும் விலையை ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நான் நியாயப்படுத்தமாட்டேன்.

இனி, என்னைச் சற்று உறுத்தும் செய்தி ஒன்று. புதிய வண்டிகள் தாழ்ந்துகொண்டே வருகின்றன. 2012 முதல் இங்கு விற்ற முந்தைய கேம்ரியின் உயரம் 1,470 மில்லிமீட்டர், 2018ஆம் ஆண்டினது 1,445. இருக்கையும் அதற்கேற்பக் கீழிறங்கிவிட்டது. ஒரு விரற்கடை அளவுதானே என்று இளையோர் எண்ணக்கூடும். முழங்கால் தேய்ந்தவர் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்போது கதவுச் சட்டத்தைப் பற்றும் கையைப் பார்த்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். புதியதில் பின்சக்கரத் தாங்கமைப்பு மேம்பட்டிருப்பது உண்மை. ஆனால் 18 அங்குலச் சக்கரமும் மெல்லிய டயரும் அந்த நன்மையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. தோட்டத்துச் செம்மண் பாதைவழி பள்ளிக்குச் செல்வோர் இதை உடனே உணர்வர்.

உயரமே வேண்டுமென்றால் ஏழு இருக்கை வண்டி வாங்கலாமே என்பீர்கள். ஆறாவது ஆள் இருந்தால் அதுவே சரி. ஏறி இறங்கவும் எளிது. ஆனால் பொருள்வைப்பறை பயணிகள் பகுதியோடு ஒன்றாயிருப்பதால் டயரின் இரைச்சல் உள்ளே வந்துவிடுகிறது. உயர்ந்த வண்டி வளைவில் அதிகம் சாய்கிறது. வாந்தி எடுக்கும் பிள்ளையுள்ள வீட்டில் இது சிறு செய்தியன்று.

செலவுக்கு வருவோம். தீபகற்பத்தில் சாலை வரி இயந்திரக் கொள்ளளவைத்தான் பார்க்கிறது, வசதியைப் பார்ப்பதில்லை. அக்கார்டின் 1.5 லிட்டர் டர்போ இயந்திரம் 201 குதிரைத்திறன் தருகிறது. ஆண்டு வரி 90 ரிங்கிட். கேம்ரி 2.5 லிட்டருக்கு ஏறத்தாழ 870 ரிங்கிட். 2010இல் வந்த நிசான் தியானா 2.5 லிட்டர் வி6க்கும் அவ்வளவே. இரண்டு லிட்டர் என்றால் 380 ரிங்கிட் அளவில் முடிந்துவிடும். தியானாவின் மெத்தை இருக்கைகளுக்கு ஈடு இந்த வகுப்பில் நான் கண்டதில்லை. எனினும் அது இன்று வயதான வண்டி. அதன் சிவிடி கியர்பெட்டிக்கு எண்ணெய் முறையாக மாற்றப்பட்ட பதிவு இல்லையேல் தொடவேண்டாம்.

புரோட்டோன் பெர்டானாவையும் மறக்கலாகாது. 2016 சூனில் பொதுமக்களுக்கு வந்த பெர்டானா, எட்டாம் தலைமுறை அக்கார்டின் அடித்தளமும் ஹோண்டா இயந்திரமும் கொண்டது. அச்சிடைவெளி 2,800 மில்லிமீட்டர். இரண்டு லிட்டர் வண்டி 113,888 ரிங்கிட்டிலிருந்து விற்றது. 'அரசாங்க வண்டி' என்று நகைத்து ஒதுக்கினோம். நம்மவருக்குச் சின்னத்தின்மீதுள்ள மோகத்தை வேறெப்படிச் சொல்வது?

இவை எல்லாமே மறுவிற்பனையில் விரைவாக விலை இறங்குபவை. முதல் உரிமையாளர் அழட்டும். இரண்டாமவருக்கு அது வரவு. ஒன்பது ஆண்டுத் தவணையில் புதிய சிறுவண்டி வாங்க எண்ணும் இளம் ஆசிரியர், பெற்றோரையும் கைக்குழந்தையையும் ஏற்றிச் செல்பவராயின், அதே தொகைக்கு 2015க்குப் பிந்தைய பழைய வடிவக் கேம்ரி இரண்டு லிட்டரைத் தேடட்டும். என் வாக்கு அதற்கே. உயரம் உண்டு, சிவிடி இன்றி ஆறு வேகக் கியர்பெட்டி உண்டு, வரியும் தாங்கக்கூடியது. பெட்ரோலும் டயரும் சிறுவண்டியைவிடக் கூடுதலாகும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டில் முழங்கால் வலிக்காரர் இல்லையென்றால், கையில் பணமும் இருந்தால், அக்கார்டு.

பார்க்கப் போகும்போது தாத்தா பாட்டியையும் குழந்தை இருக்கையையும் உடன் கொண்டுசெல்லுங்கள். குழந்தை இருக்கையை ஓரத்தில் மாட்டிவிட்டுப் பாட்டியை நடுவில் அமரச் செய்யுங்கள். பல வண்டிகளில் கைதாங்கி மடங்கி நிற்கும் இடமே நடு இருக்கையின் முதுகு. அது கெட்டியாக இருக்கும். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அவர் 'போதும்' என்று சொல்லும்வரை இறக்காதீர்கள்.