போர் தண்ணீரில் அமேசான்

தாம்பரம் பக்கம் முதல்முறை மீன் தொட்டி வாங்கப் போகிறவருக்குக் கடையில் கிடைக்கிற அறிவுரை அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "ஆஸ்கர் வேணாம் சார், அடிச்சிக்கும். ராம், டிஸ்கஸ், ஏஞ்சல் எடுங்க. சாது மீன்."

பொய்யில்லை. தென்னமெரிக்க சிக்லிட்களில் இவை சாதுக்கள்தான் (ஏஞ்சல் ஜோடி முட்டை போடும் வரைக்குமாவது!). ஆனால் சாதுவா முரடா என்ற பேச்சிலேயே வியாபாரம் முடிந்துவிடுகிறது. இந்த சாதுக்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை.

சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம் என்று போர் தண்ணீரை நம்பி வாழ்கிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சோப்பு நுரைக்காது. குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் படியும். ராம் மீனின் சொந்த ஊரோ வெனிசுலா, கொலம்பியா பக்கத்து ஒரினோகோ படுகை. டிஸ்கஸுக்கு அமேசான் படுகை. அங்கே பல ஓடைகளில் ஓடுவது ஏறக்குறைய மழைத்தண்ணீர். கரைந்த உப்பு லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் இருந்தாலே அதிகம். இந்திய தர நிர்ணய அமைவனம் மனிதன் குடிக்க ஏற்கும் அளவே 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2000. மனிதனே முகம் சுளிக்கும் தண்ணீரில் ராமை விட்டால் என்ன ஆகும்? நிறம் மங்கும், மூலையில் ஒதுங்கும், சில வாரத்தில் மிதக்கும். திரும்பப் போய்க் கேட்டால் "கிளைமேட் சார்" என்பார்கள். சென்னை வெயில் மேல் பழி போடுவதுதான் பெரிய வேடிக்கை. டிஸ்கஸ் கேட்கும் 28-30 டிகிரி சூடு இங்கே பெரும்பாலான மாதங்களில் ஹீட்டரே இல்லாமல் கிடைத்துவிடுகிறதே!

விவரமானவர்கள் ஆர்.ஓ. போடுகிறார்கள். மீன் பிழைக்கிறது, உண்மை. கணக்கையும் பார்த்துவிடலாம். 200 லிட்டர் டிஸ்கஸ் தொட்டியில் வாரம் பாதியாவது மாற்ற வேண்டும். தீவிரமாக வளர்ப்பவர்கள் இன்னும் அதிகம் மாற்றுவார்கள். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாதாரணமாகக் கழித்துக் கொட்டும். ஆக, 100 லிட்டருக்காக 200, 300 லிட்டர் சாக்கடைக்கு. ஒவ்வொரு வாரமும். 2019 ஜூனில் சென்னையின் குடிநீர் ஏரிகள் காய்ந்து, லாரி வருமா என்று குடத்தோடு தெருவில் நின்ற ஊர் இது. ஆறு மீனுக்காக இந்தச் செலவு நியாயம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"கொளத்தூர் ஏஞ்சல் நம்ம தண்ணியிலயே வாழுதே?" என்று மடக்கலாம். வாழ்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பொரித்த மீன், கடினத் தண்ணீருக்குப் பழகிவிட்டது. உயரமான தொட்டி கொடுத்தால் ஏஞ்சல் மேல் வழக்கில்லை. மொட்டை மாடி மழைநீரைப் பிடித்துச் சேர்த்து ராம் வளர்ப்பவர் யாராவது இருந்தால் அவருக்கும் ஒரு கும்பிடு. மற்றவர்களைப் பற்றித்தான் பேச்சு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், உப்பைத் தாங்குகிற சாதுவான சிக்லிட் ஒன்று இங்கேயே இருக்கிறது. ஆரஞ்சு குரோமைடு. மலையாளத்தில் பள்ளத்தி. இந்தியாவுக்கே சொந்தமான மூன்றே மூன்று சிக்லிட்களில் ஒன்று (ஏரியெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபி கணக்கில் வராது, அது 1952-ல் வந்திறங்கிய ஆப்பிரிக்க மீன்). தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிமுகம், காயல், நன்னீர் என்று எல்லா இடத்திலும் வாழும். போர் தண்ணீர் உப்பும் கடல் உப்பும் ஒன்றல்ல என்பது சரிதான், ஆனால் கடினத் தண்ணீர் இதற்குப் பொருட்டே இல்லை. மூன்று அங்குலம் வளரும், மஞ்சளும் ஆரஞ்சுமாய் உடம்பு, ஜோடியாகக் குஞ்சு காக்கும்.

டிஸ்கஸ் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழவழப்பைத் தின்று வளர்வதை ரசிகர்கள் அதிசயம் போலச் சொல்வார்கள். பள்ளத்திக் குஞ்சுகளும் பெற்றோர் உடம்பில் உரசி உரசி அதையே கொறிக்கின்றன. 1960-களிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். போதாததற்கு, தன் பெரிய உறவான கரிமீனின் உடம்பில் ஒட்டும் ஒட்டுண்ணிகளையும் கொத்திச் சுத்தம் செய்கிறது. எந்த அமேசான் மீனுக்கு இது குறைச்சல்?

கரிமீனைக் கேரளம் 2010-ல் மாநில மீனாக்கிக்கொண்டது. இங்கே, தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய முட்டுக்காட்டில், மத்திய அரசின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையமே இருக்கிறது. கரிமீன் குஞ்சு பொரிப்பிலெல்லாம் வேலை செய்தவர்கள். கொளத்தூர்க்காரர்களோ ஏஞ்சலை வீட்டுத் தொட்டியில் பொரித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்கள். பள்ளத்தியைப் பொரிப்பது அவர்களுக்கு ஒரு வேலையா? அடுத்த முறை கடையில் "சாது மீன் எடுங்க சார்" என்றால், பள்ளத்தி இருக்கிறதா என்று நாலு பேர் கேட்கட்டும். முதலில் முழிப்பார்கள். ஐந்தாவது ஆள் போகும்போது வரவழைத்து வைத்திருப்பார்கள்.