ஓர் ஊர்ப்பெயர் குடும்பப்பெயரான கதை



படிவம் நிரப்பும்போது எம்மில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அது "குடும்பப்பெயர்" என்று கேட்கும் கட்டம். எங்களுக்குத் தகப்பன் பெயர்தான் முதலெழுத்து. கலியாணம் முடிந்தால் கணவரின் பெயர். தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் ஒரு பெயர் எம்மில் பெரும்பாலானோருக்கு இல்லை. "வெள்ளைக்காரருக்கு மட்டும் இந்தக் குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது?" என்று படிவத்தோடு வந்தவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. இந்த மாதம் அதைப் பற்றிக் கதைப்போம்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பெரும்பாலானோருக்கு ஒரே பெயர்தான் இருந்தது. 1066 இல் நோர்மன்கள் அந்த நாட்டைக் கைப்பற்றிய பின்னரே இரண்டாவது பெயர் சிறிது சிறிதாக வழக்கத்துக்கு வந்தது. 1400 ஆம் ஆண்டளவில் அது பிள்ளைகளுக்கும் தொடரும் பெயராக நிலைபெற்றுவிட்டது. சிலருக்குத் தொழில் பெயரானது. சிமித் என்றால் கொல்லர். சிலருக்குத் தகப்பன் பெயர். ஜோன்சன் என்றால் ஜோனின் மகன். இன்னும் பலருக்கு ஊரும் இடமும் பெயராயின. மலையடியில் இருந்தவர் ஹில், காட்டோரம் இருந்தவர் வூட்.

ஊர்ப்பெயர் வந்த விதத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஓர் ஊருக்குள் இருக்கும்போது எல்லோரும் அந்த ஊரவர்தான். அங்கே ஊரைச் சொல்லி ஒருவரை அடையாளம் காட்ட முடியாது. ஊரை விட்டு வேறிடம் போனவரைத்தான் "அந்த ஊர்க்காரர்" என்று மற்றவர்கள் அழைத்தார்கள். சாதாரண மக்களுக்கு ஊர்ப்பெயர் பெரும்பாலும் அப்படித்தான் வந்து ஒட்டியது. நிலவுடைமையாளர்களின் கதை வேறு. அவர்கள் தங்கள் கையிலிருந்த நிலத்தின் பெயரைத் தாங்களே சூடிக்கொண்டார்கள்.

வாஷிங்டன் என்ற பெயர் அந்த இரண்டாவது வகை. அமெரிக்காவின் தலைநகரம் என்றே நாம் அதை அறிவோம். ஆனால் அது முதலில் இங்கிலாந்தின் வடகிழக்கில், வியர் ஆற்றுக்குக் கிட்ட உள்ள ஓர் ஊரின் பெயர். வாசா என்ற ஒருவரைச் சார்ந்தவர்களின் குடியிருப்பு என்று அதற்குப் பழைய ஆங்கிலத்தில் பொருள் சொல்கிறார்கள். 1183 இல் டர்ஹாம் ஆயர் தமது நிலங்களைப் பற்றி ஒரு பதிவேடு எழுதுவித்தார். ஹேர்ட்பேர்ன் என்ற ஊரைக் கொடுத்து, அதற்கு மாற்றாக வில்லியம் என்பவர் வாஷிங்டனைப் பெற்றார் என்றும், அதற்கு 4 பவுண் வரி செலுத்துகிறார் என்றும் அதில் உள்ளது. அதுவரை ஹேர்ட்பேர்ன் வில்லியமாக இருந்தவர் வாஷிங்டன் வில்லியம் ஆனார். நிலம் மாறியது, பெயரும் மாறியது.

பின்னர் அந்தக் குடும்பத்தின் கிளைகள் ஊரை விட்டுப் போயின. பெயர் கூடவே போயிற்று. லோறன்ஸ் வாஷிங்டன் என்ற கம்பளி வியாபாரி 1539 இல் சல்கிரேவ் என்னும் ஊரில் காணி வாங்கினார். அவருடைய வழிவந்த ஜோன் வாஷிங்டன் 1650களில் கடல் கடந்து வேர்ஜீனியாவில் குடியேறினார். அந்த ஜோனின் கொள்ளுப்பேரன்தான் 1732 இல் பிறந்து, அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதியான ஜோர்ஜ் வாஷிங்டன். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை.

இனித்தான் எனது மனதைத் தொட்ட பகுதி வருகிறது. 2000 ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் வாஷிங்டன் என்ற குடும்பப்பெயருடன் 163,036 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 90 வீதமானோர் கறுப்பின மக்கள். ஓர் ஆங்கில நிலவுடைமையாளரின் பெயர் எப்படி இவர்களுடையதாயிற்று?

ஜோர்ஜ் வாஷிங்டனின் பண்ணையில் 1799 இல் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவருக்குச் சொந்தமான 123 பேரை விடுவிக்குமாறு அவர் உயில் எழுதினார். 1801 ஜனவரி 1 அன்று அவருடைய மனைவி மார்த்தா அவர்களை விடுவித்தார். ஆனால் 153 பேர் மார்த்தாவின் முதற் கணவர் வழிச் சொத்தாகக் கணக்கிடப்பட்டவர்கள். அவர்களை விடுவிக்கச் சட்டம் இடம் தரவில்லை. மார்த்தா இறந்ததும் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டார்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பதே அன்றைய சட்டம். ஆகவே தகப்பனுக்கு விடுதலை, தாயும் பிள்ளைகளும் இன்னொருவரின் சொத்து என்று பிரிந்த குடும்பங்கள் அங்கே இருந்தன.

ஆனாலும் வாஷிங்டன் என்ற பெயருள்ளோர் எல்லோரும் அந்தப் பண்ணையிலிருந்து வந்தவர்கள் அல்லர். 1865 இல் அடிமை முறை ஒழிந்தபோது விடுதலையானவர்களில் பலர் தாமாக விரும்பி ஒரு பெயரை எடுத்துக்கொண்டார்கள். எசமானரின் ஏட்டில் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான் இருந்தது.

கல்வியாளர் புக்கர் ரி. வாஷிங்டன் 1901 இல் வெளிவந்த தமது சுயசரிதையில் இதைச் சொல்கிறார். விடுதலைக்குப் பின் பாடசாலைக்குப் போன முதல் நாட்களில் எல்லாப் பிள்ளைகளின் தலையிலும் தொப்பி இருந்தது. கடையில் வாங்கக் காசில்லை. கடன்படவும் தாய் ஜேன் விரும்பவில்லை. கையால் நெய்த துணியில் இரண்டு துண்டை எடுத்து ஒரு தொப்பி தைத்துக் கொடுத்தார். வரவு கூப்பிடும்போது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயராவது இருந்ததைப் பையன் கவனித்தான். ஆசிரியர் கேட்டதும், "புக்கர் வாஷிங்டன்" என்று சொல்லிவிட்டான். வாஷிங்டன் என்பது அவனுடைய சிறிய தகப்பனின் முதற்பெயர். அப்படிப் பெயர் எடுத்துக்கொண்ட பையன்தான் பின்னாளில், 1881 இல் தொடங்கிய டஸ்கீகி கல்லூரியின் முதல் தலைவர்.

அந்த மக்களுக்குப் பெயர் மரியாதைக்காக மட்டும் தேவைப்படவில்லை. விற்கப்பட்டுப் பிரிந்த சொந்தங்களைத் தேடுவதற்கும் தேவைப்பட்டது. 1865 இல் அவர்களுக்காகத் தொடங்கிய சேமிப்பு வங்கியின் பதிவேடுகளில் தாய், தகப்பன், சகோதரர் பெயர்களும், பழைய எசமானரின் பெயரும், இருந்த தோட்டமும் எழுதப்பட்டன. நியூ ஒர்லியன்ஸ் நகரில் வெளிவந்த ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை, 1879 முதல் "தொலைந்த நண்பர்கள்" என்ற பகுதியை வெளியிட்டது. அப்போது என் பெயர் இது, இப்போது இது, அம்மாவின் பெயர் இது, எங்களைப் பிரித்த இடம் இது என்று மக்கள் அதில் எழுதினார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத் தேவாலயங்களில் அதைச் சத்தமாக வாசிக்கும்படி போதகர்களிடம் பத்திரிகை கேட்டுக்கொண்டது. இன்றும் அவர்களுடைய சந்ததியினர் இந்தப் பதிவுகளைக் கொண்டே தம் முன்னோரைத் தேடுகிறார்கள்.

சகோதரிகளே, இடம்பெயர்ந்த எமக்கும், உறவுகளைத் தேடிக்கொண்டிருக்கும் எமக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. செய்யக்கூடிய ஒரு சிறிய வேலையைச் சொல்கிறேன். ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் தாய், தாயின் தாய், தகப்பன் வழியினர் ஆகியோரின் பெயர்களையும் பிறந்த ஊர்களையும் எழுதுங்கள். இடம்பெயர்ந்து இருந்த ஊர்களையும் ஆண்டுகளையும் எழுதுங்கள். ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயரும் பதிவில் இன்னொரு பெயரும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். காணாமற்போனவர் விடயத்தில் இது மிகவும் முக்கியம். பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த அலுவலகத்திலும் இல்லை. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறு வேறாக எழுதப்பட்டிருந்தால், பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளரிடம் திருத்தத்துக்கு விசாரியுங்கள். எழுதியதில் ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வைத்திருங்கள். ஓடும்போது எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

எழுதக் கைவராவிட்டால் பாடசாலை போகும் பிள்ளையிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை எழுதட்டும். தன்னுடைய ஆட்கள் யார், எந்த ஊரவர்கள் என்பதை அதுவும் அறிந்துகொள்ளும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.