கியர்பாக்ஸுக்கு ஜுரம்!

அமெரிக்காவில், அரிஸோனா மாநிலத்தில் புல்ஹெட் சிட்டி என்று ஒரு பாலைவன ஊர். அங்கே டேவிஸ் அணைப் பக்கத்திலிருந்து கிளம்பும் மலைச்சாலை, 11.4 மைலுக்குள் சுமார் 3,000 அடி ஏறிவிடும். 'எங்க பிக்கப் இத்தனை டன் இழுக்குமாக்கும்' என்று மார்தட்டும் கார் கம்பெனிகளுக்கு இதுதான் பரீட்சை ஹால். எஸ்.ஏ.ஈ. என்ற இன்ஜினீயர்கள் சங்கம் 2008-ல் வகுத்த விதிப்படி, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், டிரெய்லரை மாட்டிக்கொண்டு, ஏ.ஸி.யையும் முழுசாக வைத்துக்கொண்டு ஏறிக் காட்ட வேண்டும்.

இதில் திணறுவது இன்ஜின் மட்டுமல்ல, ஆட்டோமேடிக் கியர்பாக்ஸும்தான்.

ஏன்? இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஸ்விட்ச் போட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். ஆட்டோமேடிக் வண்டியின் 'டார்க் கன்வர்ட்டர்' இதே சமாசாரம். காற்றுக்குப் பதில் சிவப்புச் சாயம் போட்ட எண்ணெய், அவ்வளவுதான். பின்னால் பாரம் இழுத்தால் இரண்டாவது ஃபேன் பின்தங்கும். அந்த நழுவல் அத்தனையும் சூடாக மாறும்.

எண்ணெய் பொதுவாக 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சௌக்கியம். (இப்போதைய சில வண்டிகள் இன்னும் கொஞ்சம் தாங்கும்.) அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் மனக்கணக்கு. எண்ணெய் பழுப்பாகி, கருகல் வாசனை வந்தால் காரியம் முற்றிவிட்டது என்று அர்த்தம். பின்னால் நாலு டன், உள்ளே குழந்தை குட்டிகள்... பாதி மலையில் கியர் மக்கர் பண்ணினால் யோசித்துப் பாருங்கள்!

என்ன செய்யலாம்? இரண்டு ஆபீஸர்களுக்கு நடுவே ஃபைலோடு அல்லாடும் பியூன் மாதிரி, மேட்டில் வண்டி இரண்டு கியர்களுக்கு நடுவே மாறி மாறித் தவிக்கும். 'டோ-ஹால்' பட்டனை அழுத்திக் கீழ் கியரிலேயே நிறுத்துங்கள். வேகத்தைக் குறையுங்கள். இன்ஜின் உறுமும், உறுமட்டுமே! அடிக்கடி பாரம் இழுப்பவர்கள் தனியாக ஒரு ஆயில் கூலர் மாட்டிக்கொள்வது உத்தமம்.

அப்படியும் முள் எகிறிவிட்டதா? ஓரங்கட்டுங்கள். கை தானாகச் சாவிக்குப் போகும். அணைக்காதீர்கள்! எண்ணெயைக் கூலருக்கு அனுப்பும் பம்ப்பைச் சுற்றுவதே இன்ஜின்தான். 'பார்க்'கில் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். (இன்ஜினே கொதித்தால் கதை வேறு, அணைத்துவிட வேண்டியதுதான்.)

ரேஸ் முடிந்த குதிரையை நேராக லாயத்தில் கட்ட மாட்டார்கள். கொஞ்ச தூரம் நடத்திவிட்டுத்தான் கட்டுவார்கள். அதே வைத்தியம்தான்!