நட்சத்திரங்களை எண்ணுமுன் பட்டியலைப் பாருங்கள்



பிழைப்புக்காகக் கொல்கத்தா வந்து, வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவதை மியூச்சுவல் ஃபண்டில் சேர்க்கும் குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. “இது ஈ.எஸ்.ஜி. ஃபண்டு, சுற்றுச்சூழல், சமுதாயம், நல்ல நிர்வாகம் மூன்றையும் பார்த்தே முதலீடு செய்கிறது, விசுவாசிகளுக்கு ஏற்றது” என்று முகவர் சொன்னால் நம் மனம் எளிதில் இசைந்துவிடுகிறது. கையொப்பமிடுமுன் சற்று நிதானியுங்கள்.

சௌரங்கி வழியாகச் செல்லும்போது வர்ஜீனியா ஹவுஸ் என்னும் கட்டடத்தைக் கண்டிருப்பீர்கள். அது ஐ.டி.சி. நிறுவனத்தின் தலைமையகம். 1910-இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் இந்நகரில் தோன்றிய அந்நிறுவனம் இன்று கோதுமை மாவு, பிஸ்கட், காகிதம் எனப் பலவற்றை விற்றாலும், அதன் லாபத்தில் பெரும்பங்கு சிகரெட்டிலிருந்தே வருகிறது. ஆயினும் எம்.எஸ்.சி.ஐ. என்னும் உலகளாவிய நிறுவனம் தன் ஈ.எஸ்.ஜி. மதிப்பீட்டில் அதற்குப் பல ஆண்டுகள் ‘ஏஏ’ தரம் அளித்தது. ஏழு படிகளில் அது மேலிருந்து இரண்டாவது படி!

இது எப்படி? அம்மதிப்பீடு, ஒரு நிறுவனம் சுற்றுச்சூழல், சமுதாயம் சார்ந்த ஆபத்துகளைத் தன் துறையிலுள்ள மற்றவர்களைவிட எவ்வளவு நன்றாகச் சமாளிக்கிறது என்பதையே அளக்கிறது. விற்கும் பொருள் நல்லதா, தீயதா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. நிஃப்டி 100 ஈ.எஸ்.ஜி. குறியீடோ புகையிலைத் தொழிலைச் சேர்ப்பதே இல்லை. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு ஆறு மதிப்பீட்டு நிறுவனங்களை ஒப்பிட்டது. முழுமையாக ஒத்துப்போனால் 1 என வரும் கணக்கில், அவற்றின் சராசரி ஒற்றுமை 0.54 மட்டுமே. ஆகவே மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, ஃபண்டின் வகை. 2023-இல் செபி ஈ.எஸ்.ஜி. ஃபண்டுகளை ஆறு வகையாகப் பிரித்து, வகை பெயரிலேயே தெரியவேண்டும் என்றது. ‘எக்ஸ்க்ளூஷன்’ என்பது சில தொழில்களை விலக்கும் வகை. எவற்றை விலக்குகிறது என்பதைத் திட்ட ஆவணத்தில் வாசியுங்கள். ‘பெஸ்ட் இன் கிளாஸ்’ என்பது ஒவ்வொரு துறையிலும் சிறந்தவற்றைத் தேர்வது.

இரண்டாவது, பங்குகளின் பட்டியல். ஒவ்வொரு ஃபண்டும் மாதந்தோறும் அதை வெளியிடவேண்டும். நீங்கள் தொட விரும்பாத தொழில் அதில் இருக்கிறதா என்று உங்கள் கண்களாலேயே பாருங்கள். விளம்பரத்தில் மின்னும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் கடந்தகால லாபத்தையும் ஏற்ற இறக்கத்தையும் வைத்து இடப்படுபவை. இக்கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

மூன்றாவது, செலவு. நிர்வாகச் செலவு ஆண்டுதோறும் உங்கள் பணத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. 2013 முதல் ஒரே ஃபண்டை முகவர் தரகு இல்லாத ‘டைரக்ட்’ முறையிலும், தரகு சேர்ந்த ‘ரெகுலர்’ முறையிலும் வாங்கலாம். ஓர் உதாரணம்: 1,00,000 ரூபாய் 20 ஆண்டுகளுக்கு, செலவு கழியுமுன், ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொள்வோம். செலவு 0.75 சதவீதமானால் முடிவில் ஏறத்தாழ 8.43 லட்சம், 2.25 சதவீதமானால் 6.43 லட்சம். வித்தியாசம் இரண்டு லட்சம்! 12 சதவீதம் கணக்குக்காகச் சொன்னதே. பங்குச் சந்தையில் எந்த வளர்ச்சிக்கும் உத்தரவாதம் இல்லை. முகவரின் ஆலோசனை உங்களுக்குத் தேவையானால் தரகு கொடுப்பது தவறல்ல. எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதை அறிந்து கொடுங்கள்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைக் குறித்து நம் ஆண்டவர் பேசினார் அல்லவா? இம்மாதம் கணவனும் மனைவியுமாக ஒரு மாலை அமர்ந்து, உங்கள் ஃபண்டின் வகையையும் பட்டியலையும் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிரயாசப்பட்டுச் சேர்த்த பணத்தை உத்தமமாய் நிர்வகிக்கும் ஞானத்தைக் கர்த்தர் தாமே உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.